அவசர கருத்தடை மாத்திரைக்குப் பிறகு மாதவிலக்கு எப்போது வரும், கரு எப்போது தங்கும்: பெங்களூரு தமிழ்ப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் இந்த மாத்திரையை வாங்குவது சுலபம். அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ எந்த மெடிக்கல் ஷாப்பிலும் டாக்டர் சீட்டு இல்லாமல் தருவார்கள். போட்ட மறுநாளிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. ரத்தம் கொஞ்சம் பட்டால் பயம், நாள் தள்ளிப்போனால் அதைவிடப் பயம், பின்னால் குழந்தை பிறக்குமா என்ற பயம் அதற்கும் மேலே. இந்த மூன்றுக்கும் பதில் மாத்திரை செய்யும் ஒரே ஒரு வேலைக்குள் இருக்கிறது. முதல் பதிலைப் படித்துவிட்டு மற்றவற்றைப் படியுங்கள்.

இந்த மாத்திரை உடம்புக்குள் என்னதான் செய்கிறது?

மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து சினைப்பையில் ஒரு முட்டை வளர்ந்து முதிர்கிறது. முதிர்ந்ததும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனை ஒரே மூச்சில் ரத்தத்தில் கொட்டுகிறது. அந்த எழுச்சி தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை சினைப்பையை விட்டு வெளியே வருகிறது. வந்த முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணுவோ பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கும்.

மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரெல், 1.5 மில்லிகிராம். எல்.ஹெச். எழுவதற்கு முன்பே அது ரத்தத்தில் சேர்ந்துவிட்டால் அந்த எழுச்சி அடங்கிப்போகும். முட்டை சில நாள் தாமதமாக வரும், அல்லது அந்தச் சுழற்சியில் வராமலே இருந்துவிடும். அதற்குள் காத்திருந்த விந்தணுக்கள் செத்துவிடும். இவ்வளவுதான் அதன் வேலை. கர்ப்பப்பையைக் கழுவிவிடுவது, தங்கிய கருவை வெளியே தள்ளுவது எல்லாம் இந்த மாத்திரையால் ஆகாது.

எல்.ஹெச். எழும்பிய பிறகு போட்டால்? ஏறக்குறைய பயனில்லை. ஒரே மாத்திரை ஒருத்திக்கு வேலை செய்து இன்னொருத்திக்குத் தவறிப்போவதன் முக்கியக் காரணம் இதுதான்.

72 மணி நேரம் இருக்கிறதே, நாளைக்குப் போட்டால் போதாதா?

போதாது. 72 என்பது மாத்திரை ஓரளவாவது பலன் தரும் எல்லை, அதுவரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. 1998-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், தங்கியிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம் 95 சதவீதம் தடுக்கப்பட்டது. 25 முதல் 48 மணிக்குள் போட்டவர்களிடம் 85 சதவீதம். 49 முதல் 72 மணிக்குள் 58 சதவீதம். ஒவ்வொரு மணி நேரமும் முட்டை வெளியேறும் தருணத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ராத்திரி ஆணுறை கிழிந்தது என்றால் காலையில் கடை திறக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

நான்காவது, ஐந்தாவது நாளிலும் மாத்திரை போடலாம், பலன் மிகக் குறைவு. அந்த நாட்களில், கர்ப்பப்பைக்குள் பொருத்தும் செம்புக் கருவியான காப்பர் டி-தான் நம்பகமானது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

எத்தனை மாத்திரை, எப்படிப் போட வேண்டும்?

ஐ-பில், அன்வான்டட்-72 போன்றவற்றில் 1.5 மில்லிகிராம் ஒரே மாத்திரையாக வரும். தண்ணீரோடு விழுங்கினால் முடிந்தது. 0.75 மில்லிகிராம் இரண்டாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே போடலாம். 12 மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டாவதைப் போடுவது பழைய முறை. பலனில் வித்தியாசம் இல்லை, ஆனால் இரண்டாவதை மறந்துவிடுகிற ஆபத்து உண்டு.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் கூடலாம் என்பதால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். சாப்பாட்டுக்காக மணிக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு முழு அளவு போட வேண்டும். அதற்குப் பிறகு வாந்தி வந்தால் கவலையில்லை, மருந்து ரத்தத்தில் சேர்ந்திருக்கும்.

கடையில் ஒரே மாதிரி பெயரில் இரண்டு மூன்று டப்பா காட்டுகிறார்கள். எது எது?

நல்ல கேள்வி, இதில் தவறினால் விளைவு பெரிது. அன்வான்டட்-72 அவசர மாத்திரை. அன்வான்டட்-21 என்பது தினமும் ஒன்றாக 21 நாள் போடும் சாதாரண கருத்தடை மாத்திரை. அன்வான்டட் கிட் என்பது கருக்கலைப்பு மருந்து: ஒரு மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் மாத்திரையும், நான்கு மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரையும் இருக்கும். அது டாக்டர் எழுதிக்கொடுத்து, கர்ப்பம் எத்தனை வாரம் என்று பார்த்த பிறகே போட வேண்டியது. கடைக்காரரிடம் "மாத்திரை வேணும்" என்று மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டால் தவறான டப்பா கைக்கு வரலாம். டப்பாவைத் திருப்பி "லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5" என்று இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

காசு இல்லாதவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். அரசுத் திட்டத்தில் இதை ஈஸி பில் என்ற பெயரில் கொடுக்கிறார்கள், ஆஷா பணியாளரிடமும் இருக்கும். சிவாஜிநகர், மர்ஃபி டவுன் பக்கமெல்லாம் தமிழிலேயே கேட்கலாம், புரிந்துகொள்வார்கள்.

போட்டுவிட்டேன். அடுத்த பீரியட்ஸ் எப்போது வரும்?

பெரும்பாலானவர்களுக்கு வழக்கமான தேதியிலிருந்து ஒரு வாரம் முன்னே பின்னே வந்துவிடும். முன்னால் வருமா பின்னால் வருமா என்பது சுழற்சியின் எந்த நாளில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. 28 நாள் சுழற்சி உள்ள, 1-ஆம் தேதி மாதவிலக்கான ஒருவரை வைத்துப் பார்ப்போம். அவருக்கு முட்டை 14-ஆம் தேதி வாக்கிலும், அடுத்த மாதவிலக்கு 29-ஆம் தேதி வாக்கிலும் வர வேண்டும்.

அவர் 7-ஆம் தேதி மாத்திரை போடுகிறார். முட்டை இன்னும் சின்னதாக இருக்கும் நேரம். ஒரே தடவையில் பெரிய அளவு ஹார்மோன் உள்ளே போய், இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடுகிறது. அந்த இறக்கத்தில் கர்ப்பப்பையின் உள்படலம் உதிரலாம். அதனால் 29 வரை காத்திருக்காமல் 20-ஆம் தேதி வாக்கிலேயே, சிலருக்கு அதற்கும் முன்பே, ரத்தப்போக்கு வரும். எவ்வளவு சீக்கிரம் போட்டாரோ அவ்வளவு நாள் சுழற்சி சுருங்க வாய்ப்பு அதிகம்.

அதே பெண் 11-ஆம் தேதி போடுகிறார். முட்டை ஏறக்குறைய முதிர்ந்திருக்கிறது, எல்.ஹெச். எழவில்லை. மாத்திரை முழு பலத்தோடு வேலை செய்யும் நேரம் இது. முட்டை ஐந்தாறு நாள் தாமதித்து 19-ஆம் தேதி வந்ததென்று வையுங்கள். முட்டை வெளியேறியதிலிருந்து மாதவிலக்கு வரை உள்ள இடைவெளி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓரளவு நிலையானது, சராசரியாக 14 நாள். ஆகவே மாதவிலக்கும் அதே ஐந்தாறு நாள் தள்ளி அடுத்த மாதம் 3, 4 தேதிகளில் வரும். இந்தத் தாமதம் மாத்திரை வேலை செய்ததன் அடையாளமாகக்கூட இருக்கலாம். தாமதம் என்றாலே கர்ப்பம் என்று நினைத்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க ஒரு சரியான நாள் இருக்கிறது, அதையும் சொல்கிறோம்.

14-ஆம் தேதி போட்டால் பெரும்பாலும் எல்.ஹெச். ஏற்கெனவே எழுந்திருக்கும். மாதவிலக்கு வழக்கமான தேதியில் வரும். ஆனால் பாதுகாப்பு குறைவு. 22-ஆம் தேதி போட்டால் முட்டையின் காலம் முடிந்திருக்கும், கரு தங்கும் வாய்ப்பே மிகக் குறைவு. மாதவிலக்கு ஓரிரு நாள் தள்ளலாம், அல்லது வழக்கத்தைவிட ஒரு நாள் கூடுதலாக நீடிக்கலாம்.

அதற்கடுத்த மாதம் பெரும்பாலும் பழைய கணக்குக்கே திரும்பிவிடும்.

நாலு நாளில் ரத்தம் பட்டது. அப்போ கர்ப்பம் இல்லை என்று உறுதிதானே?

இல்லை. இந்த ஒரு தவறான நம்பிக்கையால்தான் பலர் இரண்டு மாதக் கர்ப்பத்தோடு டாக்டரிடம் வருகிறார்கள். மாத்திரை போட்ட முதல் வாரத்தில் சொட்டுச் சொட்டாகவோ, ஓரிரு பேட் நனையும் அளவுக்கோ ரத்தம் படுவது சகஜம். அது ஹார்மோன் இறங்கியதால் வருவது, முட்டையின் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். ரத்தம் பட்டதாலேயே மாத்திரை வேலை செய்தது என்றோ, படாததாலேயே வேலை செய்யவில்லை என்றோ சொல்ல முடியாது.

அந்த ரத்தத்தை "முதல் நாள்" என்று வைத்து அடுத்த மாதத்துக்குக் கணக்குப் போடவும் வேண்டாம். வழக்கமான அளவில், வழக்கமான நாட்கள் வருகிற போக்குதான் மாதவிலக்கு.

எந்த நாளில் டெஸ்ட் பண்ண வேண்டும்?

இரண்டு கணக்கு. எதிர்பார்த்த தேதி தாண்டி 7 நாள் ஆகியும் வரவில்லை என்றால் சோதிக்கவும். தேதியே நிச்சயமில்லாதவர்கள், அல்லது வந்த ரத்தம் மாதவிலக்கா என்று சந்தேகமுள்ளவர்கள், கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துச் சோதிக்கவும். மாத்திரை போட்ட பிறகு மறுபடி பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால் அந்தக் கடைசி நாளிலிருந்துதான் 21.

ஏன் 21? முட்டை ஓரிரு நாள் தாமதித்து விந்தணுவோடு சேர்ந்து, கரு கர்ப்பப்பையில் ஒட்ட 6 முதல் 12 நாள் ஆகும். ஒட்டிய பிறகே ஹெச்.சி.ஜி. ஹார்மோன் சிறுநீரில் வரத் தொடங்கும். பத்தாவது நாளே சோதித்து ஒரு கோடு (கர்ப்பம் இல்லை என்று) வந்தால் அதற்கு மதிப்பில்லை.

காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான கப்பில் பிடித்து, கர்ப்பச் சோதனைக் கிட்டில் இருக்கும் சொட்டுக்குழாயால் 3 சொட்டு விட்டு, 5 நிமிடம் பொறுங்கள். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அரை மணி கழித்து எடுத்துப் பார்த்து "கோடு தெரியுதே" என்று குழம்ப வேண்டாம், காய்ந்த பட்டையை நம்ப முடியாது. அரசு சுகாதார நிலையங்களில் நிஷ்சய் என்ற கிட்டை இலவசமாகத் தருகிறார்கள்.

மாத்திரை போட்டால் அந்த மாதம் முழுக்க பாதுகாப்பு இருக்குமா?

இருக்காது, சொல்லப்போனால் ஆபத்து கூடும். முதல் பதிலை நினைவில் வையுங்கள்: முட்டை தள்ளிப்போயிருக்கிறது. 14-ஆம் தேதி வரவேண்டியது 19-ஆம் தேதி வரப்போகிறது. "பாதுகாப்பான நாள்" என்று பழைய கணக்கில் நீங்கள் நினைக்கும் 17, 18, 19 தேதிகள்தான் இப்போது கரு தங்கும் நாட்கள். மாத்திரை போட்டும் கர்ப்பமாகிவிட்டேன் என்பவர்களில் ஒரு பகுதியினருக்கு நடந்தது இதுதான். முதல் உறவுக்கு மாத்திரை வேலை செய்தது, நாலு நாள் கழித்து நடந்த உறவுக்கு வேலை செய்யவில்லை.

எனவே அடுத்த மாதவிலக்கு வரும்வரை ஒவ்வொரு தடவையும் ஆணுறை. தினசரி கருத்தடை மாத்திரையை மறுநாளே தொடங்கலாம், அதன் முதல் 7 நாளும் ஆணுறை வேண்டும். நாள் எண்ணும் முறையை அந்தச் சுழற்சியில் அறவே நம்ப வேண்டாம். மொபைல் ஆப் காட்டும் பச்சை நாட்களுக்கும் இது பொருந்தும். நீங்கள் மாத்திரை போட்டது அந்த ஆப்புக்குத் தெரியாது.

பின்னால் குழந்தை பிறக்காமல் போய்விடுமா? மாமியார், அக்கா எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பிறக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரெல் சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடுகிறது. சினைப்பையில் இருக்கும் முட்டைகளின் எண்ணிக்கை குறைவதில்லை, குழாய் அடைபடுவதில்லை, கர்ப்பப்பையில் தழும்பு விழுவதில்லை. மேலே சொன்னபடி அதே சுழற்சியிலேயே கரு தங்கக்கூடும் என்பதே இதற்குப் போதுமான சான்று.

இந்தப் பயத்துக்கு ஒரு மூலம் இருக்கலாம் என்று நினைக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கச் சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகும், அதுவும் நிரந்தரமில்லை. ஊசியைப் பற்றிய பேச்சு மாத்திரைமேல் ஏறிவிட்டது. இரண்டும் வேறு.

அடுத்த மாதமே குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?

செய்யலாம். காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாத்திரைக்குப் பிறகு ஒரு ஒழுங்கான மாதவிலக்கு வந்தபின் தொடங்கினால் நாள் கணக்கு தெளிவாக இருக்கும், பின்னால் ஸ்கேனில் வாரம் கணிக்கவும் உதவும். அதைத் தாண்டி மருத்துவக் காரணம் எதுவுமில்லை.

முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும் சேர்த்து 6 நாள்தான் கரு தங்கும் காலம். சுழற்சி சீராக இருப்பவர்கள், அடுத்த மாதவிலக்கு வரும் தேதியிலிருந்து 14 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். 32 நாள் சுழற்சி என்றால் 18-ஆம் நாள் வாக்கில் முட்டை, 13 முதல் 18 வரை முக்கியமான நாட்கள். பலர் எல்லோருக்கும் 14-ஆம் நாள்தான் என்று நினைத்து மாதக்கணக்கில் தவறான வாரத்தில் முயற்சி செய்கிறார்கள். வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, இழுத்தால் நீளும்படி இருக்கும் நாட்களும் நல்ல அடையாளம். முயற்சி தொடங்குவதற்கு முன்பே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் போட ஆரம்பியுங்கள்.

மாத்திரை தவறி கர்ப்பமாகிவிட்டது. குழந்தைக்குக் கோளாறு வருமா?

வராது. ஏற்கெனவே தங்கிய கருவை இந்த மாத்திரை கலைப்பதும் இல்லை, சிதைப்பதும் இல்லை. பெற்றுக்கொள்ள விரும்பினால் மாத்திரை போட்டதை ஒரு காரணமாக்கி யாரும் உங்களைப் பயமுறுத்த இடமில்லை.

விருப்பமில்லை என்றால் 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் இருக்கின்றன. சட்டம் சொல்லும் காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். கருத்தடை முறை தவறியதும் அந்தக் காரணங்களில் ஒன்று. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவர் கையெழுத்து மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. மணமாகாதவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சீக்கிரம் போவது எப்போதும் எளிது.

காப்பர் டி எப்படி அவசரத்துக்கு உதவும்?

பாதுகாப்பில்லாத உறவு நடந்த 5 நாளுக்குள் காப்பர் டி போட்டால் 99 சதவீதத்துக்கும் மேல் தடுக்கும். செம்பு விந்தணுவையும் முட்டையையும் நேரடியாகப் பாதிக்கிறது. எல்.ஹெச். எழுந்ததா இல்லையா என்ற கேள்வியே அதற்கு இல்லை. சுழற்சியின் நடுநாட்களில் பாதுகாப்பில்லாத உறவு நடந்தவர்களுக்கும், உடல் எடை அதிகமானவர்களுக்கும் இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வோம். பிரசவமாகாத பெண்களுக்கும் போடலாம்.

காப்பர் டி 380ஏ வகை 10 ஆண்டு, 375 வகை 5 ஆண்டு இருக்கும். வேண்டாம் என்றால் எடுத்த உடனே கரு தங்கும் நிலை திரும்பிவிடும். முட்டை வெளியேற்றத்தை அது தொடுவதில்லை, எனவே மாதவிலக்குத் தேதி மாறாது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் போக்கு அதிகமாகவும் வலி கூடுதலாகவும் இருக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம்: வாணி விலாஸ், சிவாஜிநகரின் கோஷா மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்ப நலப் பிரிவில் கேளுங்கள். "இன்றைக்குள் போட வேண்டும், உறவு நடந்து இத்தனை நாள் ஆகிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாதவிலக்கு வந்தபின் வரச்சொல்லி அனுப்பிவிட வாய்ப்புண்டு.

எடை 78 கிலோ. அதே ஒரு மாத்திரை போதுமா?

70 கிலோவுக்கு மேல், அல்லது பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 26-க்கு மேல் இருந்தால் ஒரு மாத்திரையின் பலன் குறையலாம். காப்பர் டி சிறந்தது. அது முடியாவிட்டால் இரட்டை அளவு, அதாவது 3 மில்லிகிராம், போடும்படி சில வழிகாட்டிகள் சொல்கின்றன. டாக்டரிடம் போனிலாவது கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

டி.பி. மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்?

கவனம் தேவை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாய்ன், கார்பமசெபைன், ஃபீனோபார்பிடோன், எச்.ஐ.வி.க்குத் தரும் எஃபாவிரென்ஸ் ஆகியவை கல்லீரலைத் தூண்டிவிட்டு லெவோநார்ஜெஸ்ட்ரெலை வேகமாகச் சிதைக்கச் செய்யும். அந்த மருந்தை நிறுத்தி நாலு வாரம் ஆகும்வரை இந்தப் பாதிப்பு இருக்கும். இங்கேயும் காப்பர் டி-தான் முதல் தேர்வு, இல்லையென்றால் டாக்டர் சொல்லி இரட்டை அளவு. கருத்தடைக்காக இந்த மருந்துகள் எதையும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. எனக்கு நாள் கணக்கே கிடையாதே?

உங்களுக்கு முட்டை எப்போது வரும் என்று தெரியாது, எனவே எந்த நாளில் பாதுகாப்பில்லாத உறவு நடந்தாலும் கரு தங்கும் நாள் என்றே எடுத்துக்கொண்டு மாத்திரை போடுங்கள். "எனக்குத்தான் கரு தங்காதே" என்று விட்டுவிட வேண்டாம். பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்கு முட்டை தாமதமாகலாம், சில மாதம் வராமலும் இருக்கலாம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மாதவிலக்கு வரக் காத்திருக்காமல், உறவு நடந்து 21 நாள் கழித்து நேராகச் சோதியுங்கள்.

குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். போடலாமா?

போடலாம். பாலை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை பிறந்து 21 நாள் ஆகவில்லை என்றால் மாத்திரையே தேவைப்படாது. 6 மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால் கரு தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் போட்டுக்கொள்வது நல்லது.

வெளிநாட்டிலிருந்து உலிப்ரிஸ்டால் என்ற வேறு வகை அவசர மாத்திரையைக் கொண்டுவந்து வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. அதைப் போட்டால் ஒரு வாரம் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும், தினசரி கருத்தடை மாத்திரையை 5 நாள் கழித்தே தொடங்க வேண்டும்.

ஒரே மாதத்தில் இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

உயிருக்கு ஆபத்தில்லை, மலட்டுத்தன்மையும் வராது. ஆனால் அந்த மாத மாதவிலக்குக் கணக்கு முழுவதும் கலைந்துவிடும்: 15 நாளில் ஒரு போக்கு, பிறகு 40 நாள் எதுவும் இல்லை என்று வரலாம். தேதியை நம்பாமல் சோதனையை நம்புங்கள்.

மாதாமாதம் இப்படிப் போடுகிறவர்களிடம் நாங்கள் வருத்தத்தோடு சொல்வது, அதிகச் செலவில் குறைந்த பாதுகாப்பை வாங்குகிறீர்கள். ஒரு மாத்திரை சுமார் 100 ரூபாய். அரசு சுகாதார நிலையத்தில் தினசரி கருத்தடை மாத்திரையான மாலா-என் இலவசம். வாரம் ஒன்றாகப் போடும் சாயா மாத்திரையில் (முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு) ஈஸ்ட்ரோஜனோ புரோஜெஸ்டினோ இல்லை, பால் கொடுப்பவர்களும் போடலாம். சிலருக்கு அதில் மாதவிலக்கு தள்ளிப்போகும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தேவைப்பட்டது, தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

சட்டத்தில் தடை இல்லாவிட்டாலும் தமிழ்நாட்டில் பல மெடிக்கல் ஷாப்களில் இதை வைப்பதே இல்லை. கிளம்பும் முன்பு பெங்களூரிலேயே ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் ஜன்னலோரம், காரின் டேஷ்போர்டு போன்ற வெயில் படும் இடங்களில் வைக்காதீர்கள். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அத்திப்பள்ளி தாண்டினால் கடை இருக்கிறது.

எதுவும் வழியில்லை என்றால் பழைய முறை ஒன்று உண்டு. மாலா-என் அல்லது மாலா-டி அட்டையில் உள்ள வெள்ளை மாத்திரைகளில் நான்கு, 12 மணி நேரம் கழித்து இன்னும் நான்கு. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அட்டையில் நிறம் வேறாக இருக்கும் ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள், அவற்றால் பலன் இல்லை. இந்த முறையில் குமட்டலும் வாந்தியும் அதிகம், பாதுகாப்பும் குறைவு. பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையில் காப்பர் டி போட முடியுமானால் அது இதைவிட எவ்வளவோ மேல்.

விருப்பமில்லாமல் நடந்திருந்தால்?

எந்த மருத்துவமனைக்கும் போகலாம், அரசு, தனியார் இரண்டும் இலவசமாகச் சிகிச்சை தரக் கடமைப்பட்டவை. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 397-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. போலீசில் புகார் கொடுத்த பிறகுதான் சிகிச்சை என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. அவசர கருத்தடையோடு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் கேளுங்கள். அதையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

எப்போது வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, அதோடு தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டையில் வலி. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். மாத்திரை அந்த ஆபத்தைக் கூட்டுவதில்லை, ஆனால் மாத்திரை தவறி கரு தங்கினால் எங்கே தங்கியது என்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலும் தாமதிக்காதீர்கள். டாக்டரிடம் நான்கு தேதிகளைச் சொன்னால் போதும்: கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள், உறவு நடந்த நாள், மாத்திரை போட்ட நாளும் நேரமும், ரத்தம் பட்ட நாள். போனில் நோட்டாக எழுதி வைத்திருங்கள், வலியில் இருக்கும்போது தேதி நினைவுக்கு வராது.